தாய்வீட்டைக் காத்த தாய்

புது தில்லி: உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திபெத் எல்லையை நோக்கிச் செல்லும் சாலையோரம் அமைந்த சிறு கிராமம் ரேணி. 2021 ஜூன் மாதம் பெய்த கனமழையில் கிராமத்தின் அடிவாரம் ஆற்றில் சரியத் தொடங்கியது. வீடுகளில் விரிசல் விழுந்தது. சாலையின் ஒரு பகுதி ஆற்றுக்குள் இறங்கியது. சாலையோர நினைவிடத்தில் இருந்த ஒரு பெண்ணின் சிலையும் விழுந்துவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள், அதனைப் பெயர்த்தெடுத்து ஜோஷிமட் நகருக்குக் கொண்டு சென்றனர். சிலை வண்டியில் ஏற்றப்பட்டபோது கிராம மக்கள் கண்கலங்கி நின்றனர்.

அந்தச் சிலைக்குரியவர் கௌரா தேவி. எந்தப் பதவியையும் வகித்தவர் அல்லர். எந்தக் கட்சியின் தலைவரும் அல்லர். பெரிய படிப்பும் இல்லை. 22 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையை வளர்த்து ஆளாக்கிய தாய். பேரக் குழந்தைகளைக் கண்ட பாட்டி. கிராமத்து மகளிர் சங்கத்தின் தலைவி. அவரது வாழ்க்கையை இத்துடன் சொல்லி முடித்துவிடலாம், 1974 மார்ச் 26 என்ற ஒரு நாள் மட்டும் குறுக்கிடாமல் இருந்திருந்தால்.

அவர் பிறந்து 2025-ஆம் ஆண்டுடன் நூறு ஆண்டுகள் நிறைந்தன. பாடநூல்களில் 'சிப்கோ இயக்கம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகளில் அவர் இடம்பெறுகிறார். அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையும், அவர் காத்த காட்டுக்கும் கிராமத்துக்கும் பிறகு நேர்ந்தவையும் அதிகம் பேசப்படுவதில்லை.

லாத்தாவில் பிறந்தவர்

நந்தா தேவி சிகரத்தின் அடிவாரத்தில், ரேணிக்கு அருகே உள்ள லாத்தா கிராமத்தில் 1925-இல் கௌரா தேவி பிறந்தார். நீத்திப் பள்ளத்தாக்கில் வாழும் போட்டியா பழங்குடியினரைச் சேர்ந்த குடும்பம். ஆடு வளர்ப்பு, கம்பளி நூற்றல், நெசவு, மலைச்சரிவுகளில் சிறு விவசாயம், நீத்திக் கணவாய் வழியாகத் திபெத்துடன் நடைபெற்ற வணிகம் ஆகியவையே அப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். தானியம் வடக்கே போகும். உப்பும் கம்பளியும் தெற்கே வரும். பல நூற்றாண்டுகள் நீடித்த வணிகம் அது.

அக்கால வழக்கப்படி 12 வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் ரேணி கிராமத்தைச் சேர்ந்த மெஹர்பான் சிங். திருமணமாகிப் பத்தாண்டுகளில் அவர் இறந்துபோனார். அப்போது கௌரா தேவிக்கு வயது 22. மகனுக்கு வயது இரண்டரை.

இமயமலைக் கிராமங்களில் கணவரை இழந்த இளம்பெண்ணின் நிலை எளிதானதன்று. வயலில் பெரும்பாலான வேலைகளைப் பெண்களே செய்கின்றனர்; ஆனால் ஏர் பிடிப்பது மட்டும் பெண்களுக்கு விலக்கப்பட்டது. எனவே உழவுக் காலம் வரும்போதெல்லாம் கௌரா தேவி பிற வீட்டு ஆண்களிடம் சென்று, தம் நிலத்தையும் உழுது தருமாறு கேட்டு நிற்க வேண்டியிருந்தது. வயது முதிர்ந்த மாமனார், மாமியாரைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர் மீதே விழுந்தது. விறகு, தீவனம், தண்ணீர், ஆடுகள், கம்பளி, குழந்தை என்று நாள் முழுவதும் ஓயாத உழைப்பு. மகன் வளர்ந்து ஆடுகளையும் கம்பளி வியாபாரத்தையும் தாமே கவனித்துக்கொள்ளும் வரை குடும்பத்தைத் தனி ஒருவராகத் தாங்கினார்.

தம் துன்பத்தை அறிந்ததாலோ என்னவோ, பிறர் துன்பத்துக்கு முதலில் ஓடிச் செல்பவராக அவர் அறியப்பட்டார். கிராமத்தின் பொதுக் காரியங்களில் பெண்கள் முன்னால் வராத காலத்தில், அவர் வந்தார்.

போரும் வெள்ளமும்

1962-இல் சீனப் போர் மூண்டது. நீத்திக் கணவாய் மூடப்பட்டது. திபெத் வணிகம் அத்துடன் முடிந்தது. கம்பளியும் உப்பும் வந்த பாதையில் அதன்பின் ராணுவ வாகனங்களே சென்றன. எல்லைக்குச் சாலை அமைக்கவும் ராணுவத் தேவைகளுக்காகவும் கிராமத்தாரின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுக்கான இழப்பீடு பல ஆண்டுகளாக வழங்கப்படவில்லை. இந்த இழப்பீட்டுத் தொகை பின்னர் இக்கதையில் முக்கிய இடம் பெறப்போகிறது.

சாலை வந்ததும் மரத்துக்கு விலை வந்தது. அதற்கு முன் எட்ட முடியாத உயரத்தில் இருந்த காடுகளை ஒப்பந்ததாரர்கள் ஏலத்தில் எடுக்கத் தொடங்கினர். சமவெளியிலிருந்து கூலியாட்கள் வந்தனர். வெட்டப்பட்ட மரங்கள் சமவெளிக்கே சென்றன. வணிகத்தை இழந்த மலைவாசிகளுக்குக் காட்டு வேலையும் கிடைக்கவில்லை. பிழைப்புத் தேடி ஆண்கள் தொலைதூர நகரங்களுக்கும் ராணுவத்துக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தை நம்பி வாழ்ந்த மலைப்பகுதியின் நிலையை 'மணியார்டர் பொருளாதாரம்' என்று பிற்காலத்தில் அழைத்தனர். ஊரில் எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே.

1970 ஜூலை 20 அன்று அலகநந்தா ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பேலாகூச்சி என்ற சாலையோர ஊர் அடித்துச் செல்லப்பட்டது. கௌனா ஏரி மண்ணால் நிரம்பி உடைந்தது. வெள்ளம் சுமந்துவந்த வண்டல், நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் தொலைவில் உள்ள ஹரித்வார் அருகே கங்கைக் கால்வாயை அடைத்தது. எந்தச் சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டனவோ அங்கேதான் நிலச்சரிவுகள் மிகுதியாக நிகழ்ந்தன என்பதை நிவாரணப் பணிக்காகச் சென்ற இளைஞர்கள் நேரில் கண்டனர். கோபேஸ்வரத்தில் சண்டி பிரசாத் பட் 1964-இல் தொடங்கிய தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தின் தொண்டர்கள் அவர்கள். மரம் வெட்டுவதற்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று எடுத்துரைத்தனர்.

1973-இல் அந்தச் சங்கம் உழவுக் கருவிகள் செய்வதற்காகச் சில மரங்களைக் கேட்டபோது வனத்துறை மறுத்துவிட்டது. அதே வகை மரங்கள் சமவெளியைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டன. 1973 ஏப்ரல் 24-இல் மண்டல் கிராமத்தில் மக்கள் திரண்டு நிறுவனத்தின் ஆட்களைத் திருப்பி அனுப்பினர். வெட்ட வந்தால் மரங்களைக் கட்டிக்கொள்வோம் என்று உறுதி பூண்டனர். 'சிப்கோ' என்றால் ஒட்டிக்கொள் என்று பொருள். இயக்கத்தின் பெயர் அப்படி வந்தது.

மகளிர் சங்கத் தலைவி

மலைக் கிராமங்களில் பெண்களுக்கென 'மகிளா மங்கள் தள்' என்ற மகளிர் நலச் சங்கங்கள் உண்டு. கிராமத் தூய்மை, பொதுக் காரியங்கள், ஊர்க்காட்டின் காவல் ஆகியவை அவற்றின் பணிகள். ஊதியம் எதுவும் கிடையாது. 1972-இல் ரேணியில் இச்சங்கம் தொடங்கப்பட்டபோது தலைவியாகக் கௌரா தேவி தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47.

இப்பதவிக்குப் பெரிய அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அவர் அழைத்தால் வருவார் என்ற நிலை இருந்தது. அதிகாரிகள் கணக்கில் கொள்ளாமல் விட்டது இதைத்தான்.

1974 தொடக்கத்தில் ரேணிக் காட்டில் 2,400-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டுவதற்காகக் குறியிடப்பட்டு ஏலம் விடப்பட்டன. சண்டி பிரசாத் பட், ஜோஷிமட் வட்டார வளர்ச்சி மன்றத் தலைவரான கம்யூனிஸ்ட் தலைவர் கோவிந்த் சிங் ராவத் ஆகியோர் ரேணிப் பகுதிக் கிராமங்களில் கூட்டங்கள் நடத்தினர். மரம் வெட்ட விடமாட்டோம் என்று மக்கள் அறிவித்தனர். ஆண்கள் ஊரில் இருக்கும்வரை கோடரி காட்டுக்குள் நுழைய முடியாது என்பது ஒப்பந்ததாரருக்கும் வனத்துறையினருக்கும் தெரிந்திருந்தது.

ஆண்கள் இல்லாத நாள்

1974 மார்ச் 26. பன்னிரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருந்த நில இழப்பீட்டை வழங்குவதாகக் கூறி, ரேணி மற்றும் சுற்றுக் கிராமங்களின் ஆண்கள் சமோலிக்கு வருமாறு அழைக்கப்பட்டனர். அதே நாளில், வனத்துறை உயர் அதிகாரிகளின் வருகை காரணமாகச் சண்டி பிரசாத் பட் கோபேஸ்வரத்தில் இருக்க வேண்டியதாயிற்று. ஊரில் ஆண்கள் இல்லை; இயக்கத்தின் தொண்டர்களும் இல்லை.

மரம் வெட்டும் ஆட்களை ஏற்றி வந்த பேருந்து ரேணிக்குச் சற்று முன்பே நின்றது. ஆட்கள் ஊருக்குள் வராமல் ரிஷிகங்கை ஓரமாகக் காட்டை நோக்கி நடந்தனர். அவர்களைப் பார்த்துவிட்ட சிறுமி ஒருத்தி கௌரா தேவியிடம் ஓடிச் சென்று சொன்னாள்.

ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கௌரா தேவி வீடு வீடாகச் சென்று அழைத்தார். பெண்களும் சிறுமிகளுமாக 27 பேர் புறப்பட்டனர். கையில் ஆயுதம் எதுவுமில்லை. ஆலோசனை கேட்க ஆளுமில்லை. செங்குத்தான பாதையில் விரைந்து ஏறிக் காட்டை அடைந்தபோது, வந்த ஆட்கள் சமையல் செய்துகொண்டிருந்தனர்.

பெண்கள் முதலில் சண்டையிடவில்லை. வந்தவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக வந்த ஏழைகள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உணவை முடித்துக்கொண்டு தங்களுடன் கீழே இறங்கி வருமாறும், ஊர் ஆண்கள் திரும்பியதும் பேசி முடிவு செய்யலாம் என்றும் கேட்டுக்கொண்டனர். காடு தங்கள் தாய்வீடு என்று கௌரா தேவி அவர்களிடம் கூறினார். மூலிகையும் காயும் விறகும் தீவனமும் தரும் காட்டை வெட்டினால் மலை சரிந்து தங்கள் ஊர் மேல் விழும் என்று எடுத்துரைத்தார்.

'மைக்கா' என்பது அவர் பயன்படுத்திய சொல். மணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது என்னவென்று எந்த மொழியிலும் விளக்க வேண்டியதில்லை. புகுந்த வீட்டில் எதுவும் இல்லாதபோது வெறுங்கையுடன் போய்க் கேட்கக்கூடிய ஒரே இடம் அது. 22 வயதில் கணவரை இழந்து, காட்டை நம்பியே ஒரு மகனை வளர்த்தெடுத்தவர் அச்சொல்லைச் சொன்னபோது, அது வெறும் உவமையாக இருந்திருக்க முடியாது.

கூலியாட்களில் பலர் தயங்கினர். ஆனால் உடன் வந்தவர்களில் சிலர் குடித்திருந்தனர். வசைச் சொற்கள் எழுந்தன. அரசுப் பணியைத் தடுத்தால் கைது செய்வோம் என்ற மிரட்டல் வந்தது. ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். கௌரா தேவி முன்னால் வந்து தம் மார்பைக் காட்டி, முதலில் தம்மைச் சுட்டுவிட்டுப் பிறகு தாய்வீட்டை வெட்டுமாறு கூறினார். துப்பாக்கி தாழ்ந்தது.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினர். வழியில் ஓடை ஒன்றைக் கடக்கப் போடப்பட்டிருந்த சிமெண்ட் பலகையைப் பெண்கள் உடைத்துத் தள்ளினர். காட்டுக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்பட்டது. அன்றிரவு முழுவதும் பெண்கள் காவல் இருந்தனர். சமோலி சென்ற ஆண்களும் இயக்கத்தினரும் மறுநாள் திரும்பி வந்தபோது, காடு அப்படியே நின்றிருந்தது.

மரத்தைக் கட்டித் தழுவி நிற்கும் பெண்களின் படம் உலகெங்கும் சிப்கோவின் அடையாளமாகிவிட்டது. உண்மையில் அன்று ரேணியில் எவரும் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்படவில்லை. கோடரி மரத்தை எட்டுவதற்கு முன்பே பெண்கள் பாதையில் நின்றுவிட்டனர்.

தலைநகரை எட்டிய குரல்

அப்போது அப்பகுதி உத்தரப் பிரதேசத்தின் பகுதியாக இருந்தது. முதல்வராக இருந்த ஹேமவதி நந்தன் பகுகுணா, தில்லியைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர் வீரேந்திர குமார் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். சண்டி பிரசாத் பட்டும் கோவிந்த் சிங் ராவத்தும் அதில் இடம்பெற்றனர். இரண்டு ஆண்டுகள் ஆய்வு செய்த குழு, கிராமப் பெண்கள் சொன்னதையே அறிவியல் மொழியில் எழுதியது. மலைச்சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துவது காடுதான் என்பதே அதன் சாரம். 1976-இல் ரேணி உள்ளிட்ட அலகநந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில், சுமார் 1,200 சதுர கிலோ மீட்டர் பரப்பில், பத்து ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது.

அதே ஆண்டு 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வனம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்று அச்சட்டம் விதித்தது. உத்தரப் பிரதேச இமயமலையில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பச்சை மரங்களை வெட்டுவதற்கு 15 ஆண்டுத் தடை, இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. இவையனைத்தும் ரேணியால் மட்டுமே நிகழ்ந்தவை என்று கூறுவது மிகை. ஆனால் வனத்தை மரக்கட்டையாக மட்டுமே பார்த்த அரசின் பார்வையை மாற்றியதில் சிப்கோவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. 1987-இல் மாற்று நோபல் பரிசு எனப்படும் 'ரைட் லைவ்லிஹூட்' விருது சிப்கோ இயக்கத்துக்கு வழங்கப்பட்டது.

இயக்கத்தின் பெயரால் சண்டி பிரசாத் பட்டும் சுந்தர்லால் பகுகுணாவும் நாடறிந்தவர்களாயினர். கௌரா தேவி ரேணியிலேயே இருந்தார். கூட்டங்களுக்கும் பேரணிகளுக்கும் அழைத்தபோது சென்று வந்தார். பின்னர் மீண்டும் வயலுக்கும் ஆடுகளுக்கும் திரும்பினார்.

காடு தப்பியது, கதவு மூடியது

ரேணி மக்கள் கேட்டது இரண்டு. காடு அழியக் கூடாது; அந்தக் காட்டின் மீது தங்கள் உரிமையும் பறிபோகக் கூடாது. முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை.

1982-இல் நந்தா தேவிப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, உள்ளே செல்வது முற்றிலும் தடை செய்யப்பட்டது. 1988-இல் அது உயிர்க்கோளக் காப்பகமாகவும், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆனது. உலகுக்குப் பெருமை, ஆனால் ஊருக்கு இழப்பு. ஆடுகளை மேய்க்கச் சென்ற புல்வெளிகள் மூடப்பட்டன. மலையேறுவோருக்கு வழிகாட்டியும் சுமை தூக்கியும் கிடைத்த வருமானம் நின்றது. மூலிகை பறிப்பது குற்றமாயிற்று. காட்டை ஒப்பந்ததாரரிடமிருந்து காத்தவர்களே அதற்குள் நுழைய முடியாத அந்நியர்களாயினர்.

1998-இல் கௌரா தேவி பிறந்த லாத்தா கிராமத்தின் மக்கள், தடையை மீறிப் பூங்காவுக்குள் நுழையும் போராட்டம் நடத்தினர். 'ஜப்டோ சீனோ', அதாவது 'பாய்ந்து பறி' என்பது அதன் பெயர். ஒட்டிக்கொள்வதில் தொடங்கிய பள்ளத்தாக்கு, பறித்துக்கொள்வதில் வந்து நின்றது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

1991 ஜூலை 4 அன்று, தமது 66-ஆவது வயதில் கௌரா தேவி காலமானார். இறுதிக் காலத்தில் நோயுற்றிருந்த அவரைத் தேடி வந்தவர்கள் அதிகமில்லை. 2000 நவம்பரில் உத்தரகண்ட் தனி மாநிலமான பிறகு அவரது நினைவுக்கு அரசு மரியாதை கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறும் ஏழை மாணவியருக்கு நிதியுதவி வழங்கும் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பள்ளிக்கூட வசதியே இல்லாத காலத்தில் வளர்ந்தவரின் பெயரில் மலைக் கிராமத்துப் பெண்கள் கல்லூரிக்குச் செல்ல உதவி பெற்றனர். அவருக்குச் செய்யப்பட்ட மரியாதைகளில் பொருத்தமானது இதுவே எனலாம்.

ரிஷிகங்கையின் சீற்றம்

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. ரோந்தி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கையில் பேரலையாகப் பாய்ந்தன. ரேணியின் காலடியில் இருந்த 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எல்லைச் சாலையின் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கீழே தபோவனத்தில் கட்டப்பட்டு வந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கினர். இறந்தோரும் காணாமல் போனோருமாக 200-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

மலைப் பாறை பெயர்ந்ததற்கு மின் திட்டங்கள் காரணம் அல்ல என்று விஞ்ஞானிகள் கூறினர். ஆனால் இத்தகைய ஆற்றின் பாதையில் திட்டங்களை அமைத்ததே உயிரிழப்பைப் பெருக்கியது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். பேரழிவுக்கு இரண்டாண்டுகள் முன்பே, 2019-இல், ரேணியைச் சேர்ந்த ஒருவர் நைனிதால் உயர் நீதிமன்றத்தை அணுகி, திட்டப் பகுதியில் வெடி வைப்பது குறித்து முறையிட்டிருந்தார். 2021-இல் அப்பகுதியினர் ஐவர் இரு மின் திட்டங்களையும் எதிர்த்து மீண்டும் வழக்குத் தொடுத்தனர். அவர்களது நோக்கத்தில் ஐயம் தெரிவித்த உயர் நீதிமன்றம், ஜூலை 14-இல் மனுவைத் தள்ளுபடி செய்து, தலைக்கு ரூ.10,000 செலவுத் தொகை செலுத்துமாறு உத்தரவிட்டது.

அதற்கு முந்தைய மாதம்தான் கௌரா தேவியின் சிலை ஊரை விட்டு வெளியேறியது. கிராமம் வாழத் தகுந்ததாக இல்லை என்றும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்றும் நிலவியல் வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். சிலை அடைக்கலம் புகுந்த ஜோஷிமட்டிலேயே 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது, நாடறிந்த செய்தி.

நூறு கிலோ மீட்டர்

2023 மார்ச் 29-இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. சர்வதேச எல்லையிலிருந்து நூறு கிலோ மீட்டருக்குள், தேசியப் பாதுகாப்பு தொடர்பான சாலை போன்ற நெடுந்திட்டங்களுக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அனுமதியிலிருந்து விலக்கு அளிப்பது அதன் முக்கிய அம்சங்களுள் ஒன்று. எல்லையில் சாலைப் பணிகள் தாமதமாவதைத் தவிர்க்கவே இத்திருத்தம் என்று அரசு விளக்கியது. இமயமலையிலும் வடகிழக்கிலும் பெரும் பகுதி இந்த வரம்புக்குள் வந்துவிடும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

மசோதா, துறை சார்ந்த நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஒரு பிரிவைக்கூட மாற்றாமல் கூட்டுக் குழு அறிக்கை அளித்தது. உறுப்பினர்கள் சிலர் மாறுபட்ட கருத்துகளைப் பதிவு செய்தனர். மணிப்பூர் பிரச்னையால் அவை அமளியில் இருந்த வேளையில், ஜூலை 26-இல் மக்களவையும் ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையும் அதனை நிறைவேற்றின. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வனம் என்பதற்கு 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கூறப்பட்ட விரிந்த பொருளையே பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

ரேணி கிராமம் இந்த நூறு கிலோ மீட்டர் வரம்புக்குள் இருக்கிறது.

எல்லைச் சாலை தேவையில்லை என்று ரேணி மக்கள் ஒருபோதும் கூறியதில்லை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், விளைபொருள் சந்தைக்குப் போவதும் அச்சாலையில்தான். 1962-க்குப் பின் நாட்டின் பாதுகாப்புக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு, இழப்பீட்டுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த இழப்பீட்டையே காரணம் காட்டி ஒரு நாள் ஊரைக் காலி செய்ய வைத்து, காட்டுக்குள் கோடரி அனுப்பப்பட்டதையும் அவர்கள் மறக்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் மலையில் எதுவும் நடக்கக் கூடாது என்பதே அன்றும் அவர்கள் கேட்டது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அந்த உரிமையை வழங்குகிறது. ஏட்டில் உள்ள அந்த உரிமை, மலைச்சரிவில் ஒரு பெண் நின்று கேட்கும்போது மதிக்கப்படுமா என்பதே இப்போதுள்ள கேள்வி. 1974-இல் அவ்வாறு நின்றவரிடம் சட்டம் எதுவும் இருக்கவில்லை. உடன் இருந்தவர்கள் அண்டை வீட்டுப் பெண்கள் 26 பேர்.

கௌரா தேவி காத்த மரங்கள் ரேணிக்கு மேலே நிற்கின்றன. ஆண்டுதோறும் மார்ச் 26 அன்று அவர் நினைவு கொண்டாடப்படுகிறது. அவருடன் அன்று காட்டுக்குச் சென்றவர்களில் பலர் மறைந்துவிட்டனர். சிறுமிகளாகச் சென்றவர்கள் இன்று தாங்களே பாட்டிகள்.